பின்வேலி

இந்த ஊரில் பருவங்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.
துணி காய எத்தனை நேரம், அதுதான் கணக்கு.
தை மாதம் இரண்டு மணி நேரம்.
ஐப்பசியில் மூன்று நாள்,
அதுவும் அரைகுறையாய், ஊறிய அரிசி வாசத்தோடு.

ஜெலுத்தோங்கில் என் வீட்டுப் பின்கட்டு பதினோரு அடி.
ஒரு கொடிக்கம்பி, ஒரு கறிவேப்பிலை,
பெயிண்ட் டின்னில் பாண்டான்,
அப்புறம் வேலி.
வேலிக்கு அந்தப் பக்கம்
சியூ லெங்கின் பிலிம்பிங் மரம்,
அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது.
வேர் அவளுக்கு. காய் ஆளுக்குப் பாதி.
இதை நாங்கள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
ஏழு மணிக்கு நான் துணி உலர்த்தும்போது
அவள் பல் துலக்கிக்கொண்டே வருவாள்.
பவளராணி என்ற பெயரை
முதல் நாளே பாதியில் கடித்து
"பாவ்" என்றாள்.
பத்தொன்பது வருடம்
அவளுக்கு நான் ஆவியில் வெந்த ரொட்டி.
எங்களுக்குள் இருந்தது உடைந்த மலாய்:
மீன் விலை, மழை, முட்டிவலி, பெருச்சாளி.
அதற்கு மேல் சொல் போதாத நாளில்
ஒரு பை காய் வேலியில் தொங்கும்.

மாசி. நாற்பது நாளாய்ச் சொட்டு மழை இல்லை.
தேன்சிட்டு ஒன்று என் கொடிக்கம்பியில் கூடு கட்டியது.
சிலந்தி நூல், பஞ்சு, காய்ந்த இலை,
நடுவில் பாதி நரைத்த ஒரு நீள முடி.
யாருடையது என்று எனக்குத் தெரியும்.
நான் துணியை வீட்டுக்குள் நாற்காலிகளில் போட்டேன்.
அவள் வாய் கொப்பளிப்பதைக்கூட
உள்ளேயே முடித்துவிட்டு வந்தாள்.
ஒரு காலை கூட்டின் வாசலில்
இரண்டு மஞ்சள் வாய்கள்.
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று
இரண்டு நடுவயதுப் பெண்கள்
சத்தமில்லாமல் கைதட்டினோம்.

சித்திரையில் தினமும் மூன்று மணிக்கு இடி.
குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன.
அவளும் பல் துலக்க வரவில்லை.
வயிற்றில் ஏதோ என்று மகன் சொன்னான்,
எந்த மொழியிலும் அது 'ஏதோ' தான்.

வைகாசியில் அவளைப் பார்க்கப் போனபோது
எனக்கு அவள் முன்வாசல் தெரியவில்லை.
தெருவைச் சுற்றி நடந்தேன்.
வெள்ளைக் கூடாரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
படத்தில் உதட்டுச்சாயம் பூசிய யாரோ.
"நீங்கள் யார்?" என்றார்கள்.
"பெலாக்காங்," என்றேன்.
பின்னால்.
வேறு உறவுப்பெயர் என்னிடம் இல்லை.

கையில் ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் தந்தார்கள்.
நூலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதாம்,
பிறகுதான் தெரிந்தது.
நான் உள்ளே கொண்டுபோகவில்லை,
பின்பக்கம் கொடிக்கம்பியில் கட்டினேன்.
மிட்டாயை பஸ்ஸில் தின்றேன், வேலைக்குப் போகும்போது.
அழுகை வரவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஆவணியில் புகைமூட்டம்.
கடல் எங்கே, மலை எங்கே, ஒன்றும் தெரியவில்லை.
பறிக்க ஆளில்லாத காய்கள் விழுந்து
தரை முழுக்கப் புளித்தது.
முகக்கவசத்தோடு கூட்டிப் பெருக்கினேன்.
அன்றுதான், துடைப்பத்தைப் பிடித்தபடி,
சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.
கண் எரிச்சல் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.
அந்த வசதி புகைக்கு உண்டு.

புரட்டாசி முடிவில், முதல் நல்ல மழைக்கு மறுநாள்,
வடக்கே எங்கிருந்தோ ஒரு பழுப்புக் கீச்சான்
கண்ணில் கறுப்புப் பட்டையோடு வந்து
அவள் மரத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது.
போன வருடம் வந்ததுதானோ என்னவோ,
அதே கிளை, அதே திமிர்.
எனக்குள் ஏதோ துள்ளியது, வெட்கமில்லாமல்.
"தெங்ஙோ!" என்று கத்தினேன்.
பார்!
அந்தச் சொல்லைக் கேட்க
அந்தப் பக்கம் ஈரத் துடைப்பம்தான் இருந்தது.

நிமிர்ந்து ஒரு கூடை காய் பறித்தேன்,
அவளுடைய பாதியையும் சேர்த்து.
நெத்திலி போட்டுக் குழம்பு வைத்தேன்.
பல் கூசும் புளிப்பு.
துணி இன்னும் காயவில்லை.
சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.